மூன்றாவது முறை காட்டும்போது

வீட்டில் சின்னவளுக்கு அரைக்கிணறு என்று பெயர். அக்காவின் கணவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் போகிற போக்கில் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. கிணற்றை முழுதாகத் தாண்டுகிறவர்கள் உண்டு. தாண்டவே மாட்டேன் என்று கரையில் நிற்கிற புத்திசாலிகளும் உண்டு. பாதி தாண்டுகிறவர்கள் எங்கே போய் விழுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்னவள் நீச்சல் பழகப் போய், மிதக்க மட்டும் கற்றுக்கொண்டு திரும்பினாள். தையல் மெஷின் வாங்கி, ஒரு கை மட்டும் வைத்த சட்டையோடு அதை மூடிப் போட்டாள். சேர்ந்த வேலைகளிலெல்லாம் மேசைமேல் வைக்க ஒரு செடி வாங்கி, அது துளிர்ப்பதற்குள் ராஜினாமா கொடுத்தாள். ஆரம்ப சூரத்தனத்துக்கு ஒரு பரிசு இருந்தால் அதை வாங்கவும் பாதி வழி போயிருப்பாள்.

அப்படிப்பட்டவள், வெளிநாட்டுக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று அறிவித்தபோது வீட்டில் யாரும் சிரிக்கக்கூட இல்லை. அங்கே குளிக்க வெந்நீர் கிடைக்குமா என்று அம்மா கவலைப்பட்டாள். அத்தான் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாதி தூரத்துல இறங்கிட மாட்டியே?" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நிமிடமே சின்னவள் முடிவு செய்துவிட்டாள். முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் விழிக்கிற பிள்ளைகளை வீடியோ எடுப்பது. கடைசி வாரம் அதே பிள்ளைகள் கணீரென்று ஆங்கிலம் பேசுவதை எடுப்பது. இரண்டையும் சேர்த்து இதே மேசைக்கு அனுப்பிவைப்பது. பிறருக்கு உதவும் ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை அந்தச் சாப்பாட்டு மேசை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானேகூட நேராகச் சொல்லிக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடம் ஒரு பழைய கிடங்கு. நடுவில் பலகை வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் கணக்கு நடந்தால் அந்தப் பக்கமும் கணக்குத்தான். மேலே தகரக்கூரை, மூலையில் கால் ஆடுகிற கரும்பலகை. ஆங்கில வகுப்பு நடக்கிற பக்கத்துச் சுவரில், முன்பு அவளைப் போலவே சொல்லிக்கொடுக்க வந்துபோன தொண்டர்கள் வரைந்த படங்கள் இருந்தன. சூரியன், பூனை, அப்புறம் ஆப்பிள்கள். பெரிய ஆப்பிள், சப்பை ஆப்பிள், புழு எட்டிப்பார்க்கிற ஆப்பிள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை. இத்தனை பேர் வந்து ஆப்பிள் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்களே, இந்தப் பிள்ளைகளுக்கு ஆப்பிள் என்றால் என்னவென்று இன்னுமா தெரியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தோன்றுகிறவளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் நாள் ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்துவைத்துவிட்டு, தானே வெட்டிக் கொண்டுபோயிருந்த சிவப்பு அட்டையை உயர்த்திக் காட்டினாள். இது என்ன நிறம்? வகுப்பு அமைதியாக இருந்தது. இன்னொரு முறை காட்டி, நிறத்தின் பெயரைத் தானே சொன்னாள். அப்போதும் பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது முறை காட்டியபோது முன்வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல் எழுந்தது. அதைத் தொட்டு இன்னொன்று, அப்புறம் மொத்த வகுப்பும் கூரை அதிரக் கத்தியது. சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து, எனக்குள் இப்படி ஒரு திறமை இருப்பது எனக்கே தெரியாதம்மா என்று சொன்னாள்.

அந்த மெல்லிய குரலுக்குச் சொந்தக்காரி, கனமான ஒற்றைப்பின்னல் போட்ட ஒரு பெண். பதினோரு வயது இருக்கலாம். அவளுடைய பெயர் சின்னவளின் நாக்கில் சரியாக வரவில்லை. சிரமப்பட்டுப் பழகிக்கொள்வதற்குப் பதிலாக, மனசுக்குள் ஒற்றைப்பின்னல் என்று வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி வகுப்பாசிரியை முதல் வாரமே சொன்னார். ஐம்பதைத் தொடுகிற பெண்மணி அவர், எந்நேரமும் தோளில் சாக்பீஸ் தூள். டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. தங்கிப் படிக்க வருஷத்துக்கு ஒரு பிள்ளையை இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து எடுப்பார்கள். ஆங்கிலத்தில் நேர்காணல் வைப்பார்கள், அதில் தேறினால் இடம் கிடைக்கும். தேறாவிட்டால் ஒற்றைப்பின்னல் தன் சித்தி வீட்டுக்குக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகவேண்டியதுதான், வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

"புது ஆள் முன்னாடி உக்காந்து பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்ல. சாயங்காலத்துல கொஞ்ச நேரம் கேள்வி கேளுங்க டீச்சர், அது போதும்" என்றார் ஆசிரியை.

சின்னவள் நெஞ்சில் கைவைத்து, "அவ பாஸ் பண்றது என் பொறுப்பு" என்றாள். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாள். எதையுமே அவள் பொய்யாக ஆரம்பித்ததில்லை.

முதல் சாயங்காலம் அவள் தங்கியிருந்த விடுதியின் வாசலில் கிடந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். சின்னவள் அதே அட்டைகளை எடுத்தாள். அடித்தளம் உறுதியாக இருக்கவேண்டும் அல்லவா. ஒற்றைப்பின்னல் மூன்றாவது முறை காட்டும்போது பதில் சொன்னாள். இரண்டாம் நாளும் அப்படியே. கொஞ்சம் மந்தம், ஆனால் தங்கமான பிள்ளை என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், விடுதியில் இருந்த மற்ற தொண்டர்கள் அருவி பார்க்கக் கிளம்பினார்கள். பாவம், ஒரு நாள்தானே என்று இவளும் போனாள். அடுத்து கடைவீதி. அதற்கடுத்து ஒருத்தியின் பிறந்தநாள். ஒரு வாரம் கழித்து விடுதிக்காரம்மா, அந்தப் பொண்ணு தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறாள் என்று சொன்னபோது, சின்னவளுக்குச் சுருக்கென்றது. நாளையிலிருந்து கட்டாயம் என்று நினைத்தாள். அந்த நாளை வருவதற்குள் கடைசி வாரம் வந்துவிட்டது.

நேர்காணலுக்கு முந்தைய நாள் காலையில்தான் அவள் முதல் நாள் வீடியோவைத் தேடி எடுத்தாள். போன் ஜன்னலில் சாய்ந்து நிற்காமல் மல்லாந்து விழுந்திருக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை தகரக்கூரை. அதில் ஒரு ஓட்டை, ஓட்டையில் வெயில். அவ்வளவுதான். சின்னவளுக்கு அழுகையே வந்தது. ஒன்றும் தெரியாத பிள்ளைகள் இல்லாமல் எல்லாம் தெரிந்த பிள்ளைகளை மட்டும் அனுப்பினால் அத்தான் என்ன சொல்வார்? முதல் பாதி எங்கே என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியும்.

திரும்ப எடுத்தால் என்ன? யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

வகுப்பில் போய் நின்று, பாதி ஆங்கிலமும் பாதி சைகையுமாக விளக்கினாள். இது நாடகம். முதல் நாள் மாதிரி. உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சரியா? சொல்லும்போதே காது மடல் சூடானது. பிள்ளைகள் குழம்புவார்கள், ஏன் எதற்கு என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் கேட்கவில்லை. ஒற்றைப்பின்னல் எழுந்து, குட்டிப் பிள்ளைகளை முன்னால் இழுத்து உட்காரவைத்தாள். சிரிக்கிற வழக்கமுள்ள ஒருவனைத் தூணுக்குப் பின்னால் தள்ளினாள். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெரியம்மாவின் மும்முரம் அவளிடம் இருந்தது. பிறகு திரும்பிக் கேட்டாள்.

"எப்படி வேணும் டீச்சர்? சுத்தமா தெரியாத மாதிரியா, தப்புத்தப்பா சொல்ற மாதிரியா? போன தடவை வந்த உயரமான சார், தப்பாச் சொன்னாத்தான் வீடியோ நல்லா இருக்கும்னாரு. அதுக்கு முந்தி வந்த டீச்சருக்கு நாங்க பேசாம இருந்தாத்தான் பிடிக்கும். உங்களுக்கு மூணாவது தடவை காட்டும்போது சொல்லுவோமே, அதே மாதிரி சொல்லட்டுமா?"

அதே மாதிரி என்று சொல்லச் சின்னவள் வாயைத் திறந்துவிட்டாள். திறந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் இவ்வளவையும் ஆங்கிலத்தில் கேட்டிருந்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு திக்கல் இல்லை. வேலை மும்முரத்தில் தன் வேஷம் மறந்துபோய்விட்டது அவளுக்கு. அவளுக்கும் உடனே புரிந்திருக்க வேண்டும், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாளும் கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறாள். விற்றது போதாதென்று, ஆகா என்ன கூர்மை என்று கொல்லன் வீட்டுப் பிள்ளைகளே வாங்கிப் பாராட்டியிருக்கிறார்கள். கையிலிருந்த சிவப்பு அட்டையை எங்கே வைப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அந்த இடத்தில் அவள் போனை அணைத்திருக்கலாம். அணைத்திருந்தால் அவளை ஓரளவுக்காவது மன்னிக்கலாம். ஆனால் பிள்ளைகள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள், வெளிச்சமும் நன்றாக இருந்தது. அவள் எடுத்தாள். ஒன்றும் தெரியாத பிள்ளைகளை எடுத்தாள். விடுதிக்கு ஓடிப்போய், வேறு நாள் என்று தெரிவதற்காக மேல்சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, எல்லாம் தெரிந்த பிள்ளைகளையும் எடுத்தாள். இரண்டையும் ஒட்டி வீட்டுக்கு அனுப்பினாள்.

மதியம் ஆசிரியையிடம் போய், பிள்ளைகள் ஏன் தெரியாத மாதிரி நடிக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் தோளிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார். முன்பு ஒரு பெண் வந்திருந்தாளாம், பெட்டி நிறைய அட்டைகளோடு. பிள்ளைகள் முதல் நாளே எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லிவிட்டார்கள். அவள் பெட்டியை மூடிவைத்துவிட்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்துப் பிள்ளைகளும் அழுதார்கள்.

"அதுக்கப்புறம் பிள்ளைங்களே இப்படி ஒண்ணு கண்டுபிடிச்சுக்கிட்டாங்க. வர்றவங்க சந்தோஷமா இருக்கட்டும்னு நானும் பேசாம விட்டுட்டேன். தப்பு என் மேலயும்தான்" என்றார்.

அன்று சாயங்காலம் ஒற்றைப்பின்னல் பெஞ்சுக்கு வந்தாள். மறுநாள் நேர்காணல். சின்னவள் அறையின் திரை இடுக்கு வழியாக அவளைப் பார்த்தாள். புதிதாக எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள், மடியில் கை கோத்திருந்தாள். இறங்கிப்போய் உட்கார்ந்து, அங்கே யாரும் உன்னிடம் விளையாட வரவில்லை, கேட்டதும் பதில் சொல்லிவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமே. வெட்கம் பிடுங்கித் தின்றது. விடுதிக்காரம்மாவைக் கூப்பிட்டு, தலைவலி என்று சொல்லச் சொன்னாள். அவர் போய்ச் சொன்னார். ஒற்றைப்பின்னல் தலையாட்டிக்கொண்டாள். டீச்சரை நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

மறுநாள் மதியம் ஆசிரியையும் ஒற்றைப்பின்னலும் டவுனிலிருந்து திரும்பினார்கள். ஆசிரியையின் நடையைப் பார்த்ததுமே சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. நேர்காணல் எடுத்தவர் நல்ல மாதிரியான அம்மாவாம். பிள்ளைக்குப் பயம் தெளியட்டும் என்று முதலில் ஒரு படத்தை எடுத்துக் காட்டிச் சிரித்திருக்கிறார். ஒற்றைப்பின்னல் பேசாமல் இருந்தாள். இன்னொரு முறை காட்டியிருக்கிறார். அப்போதும் பேசவில்லை. சரிம்மா, போய்விட்டு வா என்று எழுந்துவிட்டார்.

ஒற்றைப்பின்னல் அழவில்லை. எங்கே தவறினோம் என்று யோசிக்கிற முகத்தோடு நின்றாள்.

"மூணாவது தடவை காட்டவே இல்ல டீச்சர். காட்டியிருந்தா சொல்லியிருப்பேன். படத்தோட சிரிச்சுக்கிட்டு வந்தாங்களா, உடனே சொல்லிட்டா முகம் வாடிடும்னு நெனச்சேன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் சின்னவளின் போன் அடித்தது. அம்மா. வீடியோவை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்களாம், பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்களாம். அத்தான் எழுந்து நின்று கைதட்டினாராம். "இனிமே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாராம்டி. அவரே சொல்லிட்டாரு" என்றாள் அம்மா. சின்னவளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அம்மாவும் அங்கே மூக்கை உறிஞ்சினாள்.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் அவள் ஆசிரியையோடு டவுன் பள்ளிக்குப் போனாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், இருந்தாலும் போனாள். நேர்காணல் எடுத்த அம்மா, சுவரெல்லாம் கேடயங்கள் அடுக்கிய அறையில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் ஒன்றையும் மறைக்கவில்லை. அட்டைகளைச் சொன்னாள், நின்றுபோன சாயங்காலங்களைச் சொன்னாள், தலைவலியைச் சொன்னாள், வீடியோவையும் சொன்னாள். அந்த அம்மா வீடியோவைப் பார்க்கக் கேட்டார். சிவப்பு அட்டைக்கு முன்னால் ஒற்றைப்பின்னல் கண்ணை அகல விரித்து, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்டயும் இப்படித்தான் உக்காந்திருந்தா."

"அது நடிப்பு மேடம். நான்தான் நடிக்கச் சொன்னேன்."

"நடிக்க வச்சதும் நீங்க, நடிப்புன்னு சொல்றதும் நீங்க. நான் எதை நம்பறது?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொரு முறை கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்று சின்னவள் கெஞ்சினாள். அந்த இடம் பக்கத்து ஊர்ப் பெண்ணுக்குப் போய்விட்டது, நேற்றே வீட்டுக்குச் சொல்லிவிட்டோம், அவளிடம் போய்த் திருப்பிக் கேட்கச் சொல்கிறீர்களா என்றார் அந்த அம்மா. வேண்டுமானால் அடுத்த வருஷம் அழைத்து வாருங்கள் என்றார். அடுத்த வருஷம் அவள் இடுப்பில் சித்தியின் குழந்தை இருக்கும் என்று திரும்பும் வழியில் ஆசிரியை பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சாயங்காலம் சின்னவள் அத்தானுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னாள். இன்னொரு முறை அரைக்கிணறு என்று சொல்லமாட்டாரா என்று இருந்தது. அவர் சொல்லவில்லை. இதெல்லாம் எல்லாரும் செய்றதுதான், நீ ஏன் மனசைப் போட்டுக் குழப்பிக்கிறே என்று ஆறுதல் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அவள் கிளம்புகிற காலையில், அவளை ஏற்றிப்போக வந்த அதே வேன் அடுத்த தொண்டரை இறக்கிவிட்டது. மடிப்புக் கலையாத சட்டை போட்ட இளைஞன். வகுப்புக்குள் வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து அட்டைகளை எடுத்தான். அவனுடையவை அச்சடித்த அட்டைகள், பளபளவென்று இருந்தன. சிவப்பை உயர்த்திக் காட்டினான். வகுப்பு அமைதியாக இருந்தது. முன்வரிசையில் ஒற்றைப்பின்னல் கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெட்டியோடு வாசலில் நின்ற சின்னவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. உள்ளே போய் அவன் கையைப் பிடித்து இறக்கினாள். "இவங்களுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும். அட்டையை உள்ள வைங்க. இந்தப் பொண்ணுகிட்ட கேள்வி கேளுங்க, உடனே பதில் சொல்லச் சொல்லுங்க. தினமும் கேளுங்க, பாதில விட்டுராதீங்க."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. எத்தனை நாள் உட்கார்ந்து தயார் செய்தானோ, அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒற்றைப்பின்னல் எழுந்து வந்து சின்னவளின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதன்முறையாக அவள் முகத்தில் கோபம் இருந்தது.

"ஏன் டீச்சர் சொன்னீங்க? பாவம் அவங்க. எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க."

வேன்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"நான் வந்தப்பவும் என்னைப் பத்தி இப்படித்தான் சொல்லிக்கிட்டீங்களா?"

ஒற்றைப்பின்னல் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

பிறகு, "இல்ல டீச்சர்" என்றாள்.